கெய்ரோவில் ஒரு குதிரை வைத்தியசாலை

பாண்டிய மன்னர்கள் குதிரைக்காகக் கொட்டிய பொன்னைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்து போனவர் அந்த வெனிஸ் நகரத்து வர்த்தகர். அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்கள் நால்வரும் அதே கணக்கில் வாங்குகிறார்கள். ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார். இங்கே குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் கிடையாதாம். குதிரை விற்க வருகிற வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை உடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர நினைப்பவர்களையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்!

வெனிஸ்காரருடைய கணக்கு சற்றே தாராளமான கணக்காக இருக்கலாம். ஆனால் விஷயம் மனத்தை உறுத்துகிறது. மாணிக்கவாசகர் கதையில் வந்த பரிகளாவது இரவோடிரவாக மறுபடி நரிகளாகி ஓடிப் போயின. காயல் துறையில் இறங்கிய நிஜப் பரிகளுக்கு அந்த வசதி இல்லை. கொட்டிலிலேயே கிடந்து செத்தன. அவற்றை விலை கொடுத்து வாங்கியவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. குதிரைகளைப் பற்றிக் கேட்பாரில்லை.

எந்த நாட்டுச் சரித்திரத்திலும் இதுதான் வழக்கம். யுத்தத்துக்குக் குதிரை வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு குதிரை பாரம். அந்தப் பாரத்தை "இது என் பாரம்" என்று சொல்லித் தன் தலைமேல் ஏற்றிக் கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் பெயர் டோரதி புரூக்.

அவர் கதைக்குப் போகுமுன் முதல் உலக யுத்தத்துக்குப் போக வேண்டும். அந்த யுத்தம் என்றாலே நமக்குப் பிரான்சு தேசத்துப் பதுங்கு குழிகளும் சேறும் நச்சுப் புகையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் நடந்தது வேறு வகை யுத்தம். மணல்வெளியில் மோட்டார் வண்டிகள் திணறின. குதிரைதான் கை கொடுத்தது. 1917 அக்டோபர் 31-ஆம் தேதி மாலை, பீர்ஷெபா என்ற ஊரின்மேல் ஆஸ்திரேலியக் குதிரை வீரர்கள் நாலுகால் பாய்ச்சலில் பாய்ந்தார்கள். அந்த ஊரைப் பிடித்தே தீர வேண்டும் என்ற அவசரத்துக்குக் காரணம், அங்கே கிணறுகள் இருந்தன. ஒன்றரை நாள், சில குதிரைகள் இரண்டு நாள்கூட, தண்ணீர் கண்டிராத நிலையில் பாய்ந்தன என்றால், பாய்ந்தது வீரர்களா, குதிரைகளின் தாகமா என்றுகூடக் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, 1918 செப்டம்பர் 23-ஆம் தேதி, ஹைபா துறைமுகத்தைப் பிடித்த பெருமை நம் நாட்டவருக்கு உரியது. ஜோத்பூர் ஈட்டிப் படையும் மைசூர் ஈட்டிப் படையும் துருக்கியருடைய பீரங்கிகளுக்கு நேராகக் குதிரைகளை விட்டன. டில்லியில் தீன் மூர்த்தி என்று மூன்று சிப்பாய்களின் சிலை நிற்கிறதே, அது ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் ஈட்டி வீரர்களின் ஞாபகமாக வைத்தது. சிலையில் சிப்பாய்கள் மூவர் நிற்கிறார்கள். குதிரை ஒன்றுகூட இல்லை.

இந்தப் படைகளில் இருந்த குதிரைகளில் மிகவும் பேர் பெற்றவை ஆஸ்திரேலியாவில் வளர்ந்த 'வேலர்' ஜாதி. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். நம் சென்னைத் துறைமுகத்துக்கும் இது புதிய பெயரல்ல. பட்டாளத்துக்காகவும் பந்தயத்துக்காகவும் வேலர் குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கிய காலம் உண்டு. முதல் உலக யுத்தத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட குதிரைகள் 1,30,000-க்கு மேல். திரும்பிப் போனது எத்தனை தெரியுமா? ஒன்று. ஸாண்டி என்று பெயர். கலிப்போலியில் மாண்ட ஒரு ஜெனரலுடைய குதிரை அது. அதற்கு மட்டும் தாயகம் திரும்பக் கப்பலில் இடம் கிடைத்தது.

மற்றவை? யுத்தம் முடிந்ததும் சர்க்கார் கணக்குப் போட்டது. கப்பல்கள் போதவில்லை, சிப்பாய்களையே ஊருக்கு அனுப்ப மாதக் கணக்கில் ஆயிற்று. கால்நடைகளைக் கொண்டு போனால் நோய் தொற்றும் என்ற பயம் வேறு. ஆகவே கிழடும் நொண்டியும் சுட்டுக் கொல்லப்பட்டன. சுடுமுன் லாடத்தைக் கழற்றிக் கொண்டார்கள். பிடரி மயிரையும் வால் மயிரையும் வெட்டிக் கொண்டார்கள். பிறகு தோலையும் உரித்துக் கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் விலை உண்டல்லவா? நல்ல நிலையில் இருந்தவற்றில் சில இந்தியப் படைகளுக்கும் எகிப்தில் தங்கிய படைகளுக்கும் கொடுக்கப்பட்டன. மிச்சம், சுமார் 20,000 குதிரைகள் என்று சொல்கிறார்கள், எகிப்திலேயே விற்கப்பட்டன. தன் குதிரையை விற்க மனம் வராமல் கடைசியாக ஒரு முறை சவாரி கூட்டிக் கொண்டு போய்த் தன் கையாலேயே சுட்டுவிட்ட சிப்பாய்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் கதைகள் வழங்குகின்றன. அவற்றில் எவ்வளவு நிஜம் என்று சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கதைகள் நிஜமா என்பதைவிட, அப்படி ஒரு கதை வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. விற்றுவிட்டு வந்தோம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்திராது.

பன்னிரண்டு வருஷம் கழிந்தது.

1930-ல் கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் குதிரைப் படையின் தலைமைக்கு ஜெப்ரி புரூக் என்பவர் வந்து சேர்ந்தார். குதிரையேற்றத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவருடைய மனைவிதான் டோரதி. ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பத்தில் 1883-ல் பிறந்தவர்; அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அந்தக் காலத்து கெய்ரோவில் ஒரு படைத் தலைவரின் துரைசானி எப்படிக் காலம் கழிக்க வேண்டும் என்பதற்கு ஏற்கெனவே வகுத்த பாதை இருந்தது. காலையில் சவாரி, மாலையில் தேநீர் விருந்து, இரவில் நடனம். வேண்டுமானால் நடுநடுவே பிரமிடு.

டோரதி அம்மையார் வேறு ஒன்றைத் தேடினார். யுத்தத்தில் ஓடிய குதிரைகள் இங்கே விற்கப்பட்டனவாமே, அவற்றில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நண்பர்கள் சிரித்திருக்க வேண்டும். படையிலிருந்தபோதே ஏழெட்டு வயதான குதிரை, எகிப்து வெயிலில் இன்னும் பன்னிரண்டு வருஷமா தாங்கும்? ஆனால் அம்மையார் தெருவில் போகும் வண்டிக் குதிரைகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நாட்டுக் குதிரைகள் உருவத்தில் சிறியவை. நடுவே எங்கேயாவது ஓங்கி வளர்ந்த எலும்புக்கூடு ஒன்று தென்படும். அதன் பின்தொடையில் தேய்ந்து போன ஓர் அம்புக் குறி இருக்கும். அது பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொத்துக்களின்மேல் போடும் முத்திரை. சூடு போட்ட முத்திரை அழியாது அல்லவா? சர்க்கார் மறந்துவிட்ட விஷயத்தைக் குதிரையின் தோல் ஞாபகம் வைத்திருந்தது.

கெய்ரோவில் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று நடந்து வந்தது. அங்கேதான் அவர் முதல் குதிரையைக் கண்டார். ஒரு காலத்தில் கம்பீரமாக இருந்த பெரிய குதிரை. இப்போது நிற்பதே பெரும் பாடு. அதற்கு 'ஓல்ட் பில்' என்று பெயர் வைத்தார். 'கிழட்டுப் பில்' என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். விலை பேசி வாங்கி, சில நாள் ஓய்வும் நல்ல தீனியும் கொடுத்து, பிறகு வலி தெரியாமல் அதன் வாழ்வை முடித்து வைத்தார்.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே கை தயங்குகிறது. நானாக எழுதியிருந்தால் பில்லை ஒரு பசும்புல் வெளியில் கொண்டு போய் விட்டிருப்பேன். வாசகர்களும் கண்ணைத் துடைத்துக் கொண்டு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவார்கள். ஆனால் கெய்ரோவைச் சுற்றிப் புல்வெளி ஏது? கப்பலேற்றினால் அந்த உடம்பு தாங்குமா? பில் ஒன்றுதானா, அதைப் போல் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விகளையெல்லாம் அம்மையார் கேட்டுக் கொண்டார். கேட்டுக் கொண்ட பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தார்.

1931 ஏப்ரலில் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' தினசரியில் அவருடைய கடிதம் ஒன்று பிரசுரமாயிற்று. யுத்தத்தில் நமக்காக உழைத்த குதிரைகள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. எல்லாமே இருபது வயதைக் கடந்தவை. அவற்றை விலைக்கு வாங்கி அமைதியாக முடித்து வைக்கப் பணம் வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம். கண்ணீர் பொங்கும் வர்ணனை கிடையாது. அப்போது இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய சமயம். அப்படி இருந்தும் தபாலில் பணம் வந்து குவிந்தது. அந்தக் கடிதத்தைப் படித்த வீடுகளில் யுத்தத்துக்குப் போய் வந்தவர் யாராவது இருந்திருப்பார். திரும்பி வராதவர் இருந்த வீடுகளும் பல.

பணம் வந்தது, குதிரைகள் வர வேண்டுமே! கமிட்டி ஒன்று சேர்ந்தது. வாரா வாரம் குதிரை வாங்கும் நாள். வண்டிக்காரர்களும் கல் சுமப்பவர்களும் தங்கள் குதிரைகளை இழுத்துக் கொண்டு வருவார்கள். கல்லுடைக்கும் இடங்களிலிருந்தும் மாவு மில்களிலிருந்தும் வருகிற குதிரைகள்தான் மிகவும் பரிதாபம். கண் குருடானவை, முழங்கால் வீங்கியவை, சேணம் உராய்ந்து எலும்பு தெரிபவை. பேரம் நடக்கும். அவ்வளவு விலை சொல்கிறாயே என்றால், "நாளைக்கு நான் எதை வைத்துப் பிழைப்பது?" என்று வண்டிக்காரன் கேட்பான். நியாயமான கேள்வி.

வாங்கிய குதிரைகளைக் கொட்டிலில் விடுவார்கள். தரையில் வைக்கோல் தூளை மெத்தை போல் கனமாகப் பரப்பியிருப்பார்கள். எத்தனையோ வருஷமாகக் கல் தரையில் நின்றுகொண்டே தூங்கிய பிராணிகள் அவை. படுத்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயத்தில் படுக்காமலே இருந்தவை. அந்த மெத்தையில் கால் வைத்ததும் திகைத்து நிற்கும். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தும். வேளா வேளைக்குத் தவிடும் தண்ணீரும். சிகிச்சையால் பிழைக்கக் கூடியவை என்று தோன்றிய சிலவற்றை மட்டும் பிழைக்க வைத்தார்கள். மற்றவற்றுக்கு இரண்டொரு நாள் ஓய்வு, பிறகு ஒரு துப்பாக்கி ரவை. சுமார் மூன்று வருஷத்தில் இப்படி வாங்கிய குதிரைகள் 5,000. பெரும்பாலானவை அந்த வைக்கோல் மெத்தையைத் தாண்டிப் போகவில்லை.

இதைப் படிக்கும்போது நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்படும். கொல்வதற்காகவா வாங்கினார்? இதற்குப் பேர் காருண்யமா? நம் நாட்டு மரபு வேறு. கிழட்டு மாட்டையும் குதிரையையும் கடைசி மூச்சு வரை வைத்துக் காப்பாற்றுவதற்கென்றே பிஞ்சராப்போல்கள் வைத்திருக்கிறோம். சென்னை அயனாவரத்திலும் ஒன்று உண்டு. உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்க உரிமை இல்லை என்பது நம் வாதம்.

ஆனால் இதே கேள்வி இரண்டே வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டிலேயே, அதுவும் அஹிம்சையின் தலைமைப் பீடத்திலேயே எழுந்தது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியில்லாமல் வேதனையில் துடித்தது. காந்திஜி தாமே பக்கத்தில் நின்று, டாக்டரைக் கொண்டு விஷ ஊசி போடச் செய்தார். நாடெங்கும் எத்தனை கூச்சல்! எத்தனை கோபக் கடிதங்கள்! அவ்வளவுக்கும் அவர் தம் பத்திரிகையில் பதில் எழுதினார். அந்தப் பிராணியின் வேதனையைத் தீர்க்கத் தம்மிடம் வேறு வழி இருக்கவில்லை என்பதே அவர் கட்சி. சபர்மதிக் கன்றும் கெய்ரோக் குதிரையும் ஒன்றையொன்று அறியா. டோரதி அம்மையார் அந்த விவாதத்தைப் படித்திருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் இருவரும் நின்ற இடம் ஒன்றுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 5,000 குதிரைகளில் ஒவ்வொன்றுக்கும் அவர் தாமே முடிவு சொன்னார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பணத்தை அனுப்பிவிட்டு லண்டனில் உட்கார்ந்திருக்கலாம். கடிதம் எழுதியதோடு கடமை முடிந்தது என்று நினைத்திருக்கலாம். வாரா வாரம் அந்தக் கொட்டிலுக்குப் போய், இது பிழைக்கும், இது பிழைக்காது என்று சொல்வது லேசான வேலையா? அவர் எழுதிய நாட்குறிப்புகள் அவர் மறைவுக்குப் பிறகு புத்தகமாக வெளிவந்தன. அந்த வேலை அவருக்குப் பழகிப் போய்விடவில்லை என்பது அவற்றிலிருந்து தெரிகிறது.

இதுவரை சொன்னது மட்டும்தான் கதை என்றால், இது ஓர் ஆங்கில மாது தன் தேசத்துக் குதிரைகளுக்குச் செய்த உபகாரம் என்பதோடு நின்றிருக்கும். சரித்திரத்தில் இடம் பெறும்படியான விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

வாரா வாரம் அந்த வண்டிக்காரர்களோடு பேரம் பேசியதில் அம்மையாருக்கு ஒன்று விளங்கியது. அவர்களை முதலில் கொடுமைக்காரர்கள் என்று நினைப்பது எளிது. எலும்பு தெரியும் குதிரையை அடித்து ஓட்டுகிறவனை வேறு என்னவென்று நினைப்பது? ஆனால் குதிரைக்குத் தீனி இல்லாத அன்று அவன் குழந்தைகளுக்கும் ரொட்டி இல்லை. குதிரையின் முதுகில் புண் என்றால் அதற்கு மருந்து போட அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் காசில்லை, காசிருந்தாலும் அதை ஒரு வாரம் கட்டிப் போட்டால் அந்த ஒரு வாரம் அடுப்பு எரியாது. நம் ஊர் ஜட்கா வண்டிக்காரர்களைப் பழைய சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கொள்ளு விலை ஏறினால் முதலில் வயிறு காய்வது குதிரை, அடுத்தது அவன்.

இன்னொன்றும் விளங்கியது. அம்புக் குறி போட்ட குதிரைகள் நாளடைவில் தீர்ந்துவிடும். பட்டாளத்துக் குதிரையின் பக்கத்தில் அதே வண்டியில் பூட்டியிருந்த எகிப்துக் குதிரைக்கும், அதே கல்லைச் சுமந்த கழுதைக்கும், கோவேறு கழுதைக்கும் முத்திரை இல்லை. அவற்றுக்காக எந்தப் பத்திரிகையிலும் கடிதம் வராது. முதல் குதிரையை வாங்கியபோது "நம் குதிரை" என்பதுதான் அவரை இழுத்தது. 5,000 குதிரைகளுக்குப் பிறகு அந்த 'நம்' என்ற சொல் தேய்ந்து போயிருந்தது.

1934-ல் கெய்ரோவில் பழைய போர்க்குதிரைகளின் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரில் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. பெயரில்தான் போர்க்குதிரை. உள்ளே வந்ததெல்லாம் நகரத்து ஏழைகளின் வண்டிக் குதிரைகளும் கழுதைகளும்தான். வைத்தியம் இலவசம். நொண்டும் காலைப் பார்ப்பது, குளம்பைச் செதுக்குவது, சேணத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணைக் கழுவுவது என்று தினசரி வேலை. இவற்றில் எதுவும் சரித்திரப் புத்தகத்தில் ஏறுகிற சமாசாரம் அல்ல. ஆனால் சேணத்துக்கு அடியில் ஒரு மெத்தென்ற துணியைச் சரியாக மடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் புண்ணே வராது. லாடம் சரியாக அடித்தால் பாதி நொண்டல் நின்றுவிடும். வண்டிக்காரனைத் திட்டி அனுப்பாமல் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டிக் கொடுத்தால் அவன் அடுத்த தடவை புண் பெரிதாகுமுன் வருவான்.

இது போன்ற முயற்சி அதுதான் முதல் என்று சொல்ல மாட்டேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1917-ல், லண்டனில் வொயிட்சேப்பல் என்ற ஏழைகள் வட்டாரத்தில், ஒரு நிலவறைக்குள் மரியா டிக்கின் என்ற பெண்மணி ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்ததாம். அது பெரிய ஸ்தாபனமாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. இரண்டு பெண்மணிகளும் ஏறக்குறைய ஒரே உண்மையைக் கண்டுகொண்டார்கள்: பிராணிக்கு உதவ வேண்டுமானால் அதன் சொந்தக்காரனை விரோதியாக்கிக் கொள்ளக் கூடாது.

டோரதி அம்மையார் 1955-ல் காலமானார். அடுத்த ஆண்டே சூயஸ் கால்வாய்த் தகராறு. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின்மேல் படையெடுத்தன. விமானங்கள் குண்டு போட்டன. எகிப்திலிருந்த ஆங்கிலேயர் மூட்டை கட்டிக் கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஓர் ஆங்கிலப் படைத் தலைவரின் மனைவி ஆரம்பித்த ஸ்தாபனத்தை எகிப்தியர் அன்றோடு மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் மூடவில்லை. குதிரைகளும் கழுதைகளும் வழக்கம்போல் வந்தன. அங்கே இருந்த எகிப்திய ஊழியர்கள் வழக்கம்போல் வைத்தியம் பார்த்தார்கள்.

பிற்காலத்தில் 'போர்க்குதிரை' என்ற வார்த்தை பெயரிலிருந்து உதிர்ந்து, புரூக் ஆஸ்பத்திரி என்று ஆயிற்று. எகிப்தைத் தாண்டி ஜோர்டானுக்கும் பாகிஸ்தானுக்கும் எத்தியோப்பியாவுக்கும் அந்த வேலை பரவியது. நம் நாட்டுக்கும் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் செங்கல் சூளைகளில் வேலை செய்கிற குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் லாடம் பார்க்கிறார்கள், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுகிறார்கள். சூளைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி கட்டச் சொல்லி முதலாளிகளிடம் மன்றாடுகிறார்கள்.